பூனைக்கு யார் கதி?

சென்னையிலே நாய் பிடிக்க வண்டி உண்டு. "பூனை வண்டி" என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா?

காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டிலும் பூனைகள் திரிகின்றன. மளிகைக் கடை மூட்டை இடுக்கிலே குட்டி போடுகின்றன. கடைக்காரர் என்ன செய்கிறார்? குட்டிகளை அட்டைப் பெட்டியிலே போட்டு, பிராணிகள் காப்பகத்து வாசலிலே வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு!

புண்ணியமா அது? எமனுக்கு அனுப்பும் பார்சல்!

தாய்ப் பூனை இரை தேடிப் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். தாய் செத்துவிட்டது என்று தெரிந்தால் ஒழிய குட்டியைத் தொடக்கூடாது. நாலு வாரம் ஆகாத குட்டிக்கு உடம்புச் சூடு வேண்டும். ராத்திரியிலும் சில மணிக்கு ஒரு தடவை பால் புகட்ட வேண்டும். பசும்பால் கொடுத்தால் பேதியாகும். பூனைக்கென்று உள்ள பால் பவுடர்தான் வேண்டும். நாய்களைப் பார்க்கவே ஆள் போதாத காப்பகத்தில் இதற்கு யார் இருக்கிறார்கள்?

பக்கத்துக் கூண்டில் நாய் குரைத்தால், மிரண்ட பூனை தீனியைத் தொடாது. நெருக்கி அடைத்தாலோ தொற்று நோய்! தடுப்பூசி போடாத குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். பூனைக்குத் தனி அறை வேண்டும்.

அதைவிட முக்கியம் கருத்தடை.

பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும். ஒன்பது வாரத்தில் குட்டி. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று! தாயை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் தூக்குவது, ஓட்டைப் பானையிலே தண்ணீர் ஊற்றிய கதைதான்.

கூண்டு வைத்துப் பிடித்து, ஆபரேஷன் செய்து, காது நுனியை அடையாளத்துக்கு லேசாக வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். குட்டி பெருகாது, கடையிலே எலித் தொல்லையும் குறையும்.

1996-ல் சென்னையில் தெரு நாயைக் கொல்வதை விட்டு, கருத்தடைக்கு வந்தார்கள். 2001-ல் மத்திய அரசு போட்ட கருத்தடை விதிக்குப் பெயரே "நாய்கள் விதி"! 2023-ல் வந்த புது விதியிலும் பெரும்பாலும் நாய்ப் பேச்சுத்தான்.

பூனை என்ன பாவம் செய்தது?

வார்டுக்கு நாலு கூண்டு, வாரத்தில் ஒருநாள் பூனைக்கு ஆபரேஷன். மாநகராட்சி மனசு வைத்தால் முடியாததா? கடைக்காரர்களும் மீன் தலையைப் போடுவதோடு நிறுத்தாமல், தாய்ப் பூனையை ஆபரேஷனுக்கு அனுப்ப ஒத்தாசை செய்யட்டும். அப்புறம் அட்டைப் பெட்டிக்கு வேலை இருக்காது!