'வருகலாமோ' என்று கேட்பவன் யார்?

பிடித்த கீர்த்தனை எது என்று பேச்சு வந்தால் யாராவது ஒருவர் 'வருகலாமோ' என்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாடல், மாஞ்சி ராகம். எங்களுக்கும் பிடிக்கும், மறைப்பானேன்? ஆனால் ராகத்தின் உருக்கத்தில் கரைகிறவர்கள், உள்ளே வர ஒரு மனிதன் ஏன் அனுமதி கேட்டு நிற்கிறான் என்று பேசுவதில்லை. பக்தி என்று முடித்துவிடுகிறார்கள்.

நந்தனை வதைக்கும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. பாரதி சேர்த்த பாத்திரம். பண்ணையடிமைத்தனத்தை அவரே கதைக்குள் கொண்டுவந்தார். கச்சேரி மேடையில் அது காணாமல் போகிறது. தீயில் இறங்கிய பிறகுதான் நந்தனுக்குத் தில்லைக்குள் இடம் என்பதும்தான்.

அந்தப் பாட்டுக்கு வாசிக்கும் மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருக்கிறது. அதை இழுத்துக் கட்டுபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். தோழர்களே, அடுத்த முறை அந்தப் பாட்டைப் பகிரும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.