ஊமத்தையும் சட்டத்தின் மௌனமும்

சட்டம் தடைசெய்யாத பொருள் தீங்கற்ற பொருள் என்ற எண்ணம் கற்றோர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதற்கு வேலியோரத்தில் வளரும் ஊமத்தையே போதிய சான்றாகும்.

இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்துகின்றது. 1961 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கஞ்சாவையும், 1971 ஆம் ஆண்டின் உடன்படிக்கை எல்.எஸ்.டி. போன்றவற்றையும் அட்டவணைப்படுத்தின. அவ்விரு உடன்படிக்கைகளின் அட்டவணைகளிலும் ஊமத்தை இல்லை. அதனால் அது கஞ்சாவினும் சாதுவானது என வாதிப்போர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். அட்டவணைகள் நஞ்சின் கடுமையை மட்டும் அளந்து வகுக்கப்பட்டவையல்ல. பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் தன்மை, கள்ளவாணிபம் என்பவற்றையும் நோக்கி வகுக்கப்பட்டவை. ஊமத்தையை ஒருமுறை உண்டவன் மறுமுறை நாடுவது அரிது. சட்டத்தின் மௌனம் அதன் நற்குணத்துக்கு வழங்கப்பட்ட சான்றிதழன்று.

ஊமத்தையின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாக விதையில், அற்றோப்பின், ஸ்கொப்பொலமின், ஹயோசயமின் ஆகிய காரப்போலிகள் உள்ளன. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலினின் தொழிலை இவை தடுக்கின்றன. கண்மணி விரிகின்றது; நா உலர்கின்றது; வியர்வை நின்று உடல் கொதிக்கின்றது; சிறுநீர் தடைப்படுகின்றது; நாடி விரைகின்றது. அதன்பின் சித்தம் கலங்குகின்றது. எல்.எஸ்.டி. உண்டவன் தான் காண்பது மயக்கம் என்பதைப் பெரும்பாலும் அறிவான். ஊமத்தை உண்டவனோ அங்கில்லாதவருடன் உரையாடுகின்றான். நெருப்பையும் கிணற்றையும் வேறுபிரித்தறியான். வலிப்பும் மூச்சடைப்பும் உயிரைக் கொள்ளுதலுமுண்டு. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறுபடுவதால், பாதுகாப்பான அளவு இதுவென எவராலும் கூறவியலாது.

1676 ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுணில் கிளர்ச்சியை அடக்கச் சென்ற ஆங்கிலப் படைவீரர் சிலர் இவ்வினச் செடியொன்றின் இலையைக் கீரையென எண்ணிச் சமைத்துண்டு, பதினொரு நாள் பித்தராய்த் திரிந்தனர். தெளிந்தபின் நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்கவில்லை. இச்செய்தியை 1705 இல் ரொபேட் பெவர்லி எழுதிவைத்தார். நினைவிலேயே தங்காத அனுபவத்தை ஞானம் என்பது நகைப்புக்கிடமானது.

சிவபெருமான் சூடும் மலராயிற்றே என்பர் சிலர். சூடுவதற்குரியது உண்பதற்குரியதாகிவிடாது. ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்தியவனும் அவனே. அதனை அடியார் அருந்துக என எவரும் விதிக்கவில்லை. சித்த மருத்துவத்தில் வழங்குகின்றதே என்பர் வேறு சிலர். மருத்துவன் அதனைச் சுத்தி செய்து, அளவறிந்து, நோயறிந்து கொடுக்கின்றான். ஒகனோபொஸ்பேற்றுப் பூச்சிகொல்லியை உட்கொண்டவரைக் காக்க இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்றப்படுவதும் அற்றோப்பினே. அங்கு அது நாடியையும் கண்மணியையும் இடையறாது நோக்கி ஏற்றப்படுகின்றது. அந்த அளவும் காவலும் நீங்கின், எஞ்சுவது நஞ்சே.

அவ்வாறாயின் ஊமத்தையையும் தடைசெய்க என்ற குரல் எழலாம். அது பேதைமையாகும். தானே முளைக்கும் செடியை எந்தப் பொலிசாரும் வேரறுக்க இயலாது. அன்றியும், விதையுண்டு மயங்கிய மாணவனை அவனது நண்பர் வழக்குக்கு அஞ்சி அறைக்குள் பூட்டிவைப்பர், வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லார். தடை காக்கவேண்டிய உயிரைத் தடையே பறித்துவிடும்.

வேண்டுவது கல்வியே. பூவின் பாகங்களைக் கற்பிக்கும் பாடசாலை, அப்பூவின் காயினுள்ளிருக்கும் நஞ்சையும் கற்பித்தல் வேண்டும். உண்டவனை உடனே வைத்தியரிடம் சேர்த்து, உண்டது இன்னதென மறையாது உரைக்கும் துணிவை இளைஞர்க்கு ஊட்டுதல் வேண்டும். சட்டம் வாளாவிருக்குமிடத்தில் கற்றோரும் வாளாவிருப்பின், அம்மௌனத்தின் விலையை இளம் உயிர்களே செலுத்த நேரும்.