இன்னொரு குப்பைத் தொட்டி எதற்கு?

போன வாரம் எங்கள் தெருக்காரர்கள் கூடி, தெருமுனையில் இன்னொரு குப்பைத் தொட்டி வைக்கச் சொல்லி அரக்கோணம் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நான் போடவில்லை. "சாருக்கு ரிடையர் ஆனதும் எதையாவது எதிர்த்தால்தான் பொழுது போகிறது" என்று ஒருவர் சிரித்தார். இருக்கட்டும். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

இருக்கிற தொட்டியை என்ன செய்கிறோம்? ஊசிப்போன சாம்பார், குழந்தையின் டயபர், தீர்ந்த பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பையில் முடிந்து, ஸ்கூட்டரில் போகிற போக்கில் வீசுகிறோம். பாதி வெளியே விழுகிறது. மாடு கிழிக்கிறது, நாய் இழுக்கிறது. சாயங்காலம் டீக்கடையில் நின்று, "முனிசிபாலிடி என்னதான் பண்ணுது?" என்கிறோம்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று மத்திய அரசின் விதி 2016-லேயே சொல்லிவிட்டது. தெருவில் எறிவதும் கொளுத்துவதும் தவறு என்றும் அதில் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் உடைந்த டியூப்லைட் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் காய்கறித் தோலோடு போட்டு அனுப்பினேன். குப்பை வண்டியோடு வரும் அம்மா, எங்கள் வாசலிலேயே அந்தப் பையைப் பிரித்துக் கையை விட்டார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. பதறிப்போய் டெட்டால் எடுத்து வந்தேன். "பரவால்ல சார், டெய்லி இருக்கறதுதான்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டியூப்லைட்டுக்குள் பாதரசம் வேறு இருக்கிறது.

அதன்பிறகுதான் பின்கட்டில் ஓட்டை போட்ட பழைய பக்கெட் வந்தது. காய்கறித் தோல், அதன்மேல் காய்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர். முதல் வாரம் புழு வந்தது, வீட்டுக்காரம்மாவிடம் வாங்கியது தனிக்கதை. சருகைக் கூட்டியதும் நாற்றம் போயிற்று. இப்போது கருவேப்பிலைச் செடிக்கு அந்த உரம்தான். மக்காத குப்பை வாரத்துக்கு ஒரு பைதான் வருகிறது.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க, பிரித்துக் கொடுத்தவனுக்குத்தான் வாய் உண்டு. கலந்து குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கும் போக வேண்டாம், 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. பிரித்து வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் நம் பழைய மாவட்டத் தலைநகர் வேலூரைச் சேர்ந்த சீனிவாசன் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டியிருக்கிறார்.

ஆடிக் கிருத்திகையையும் சொல்ல வேண்டும். திருத்தணிக்குக் காவடி போகிறவர்களுக்கு வழிநெடுக அன்னதானம். நல்ல காரியம். என் சின்ன வயதில் மந்தாரை இலையில் போடுவார்கள், மிச்சத்தை மாடு தின்றுவிடும். இப்போது பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தண்ணீர் பாக்கெட். இரண்டுமே தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அன்னதானப் புண்ணியம் நமக்கு. மறுநாள் விடியற்காலையில் குனிந்து தட்டுப் பொறுக்குவது யார்? நம் வீட்டுப் பிள்ளைகளா?

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கையெழுத்து வாங்க வருகிறார்களாம். நானும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். குப்பை வண்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு, எடுப்பவர்களுக்குக் கிழியாத கையுறை, பிரிக்காமல் கொடுக்கும் வீட்டில் குப்பை வாங்காதிருக்க அவர்களுக்கு அனுமதி. அவர்கள் இதில் போட்டால், அவர்களுடையதில் நானும் போடுகிறேன்.