தெர்மாகோல் ரயிலும் துடைப்பக்குச்சி டின்னும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஒன்றரை மணி. மறுநாள் காலையில் எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். அந்த நேரத்தில் இந்த பி.காம். மாணவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறீர்கள்? தெர்மாகோல் ஷீட்டில் ரயில் பெட்டி வெட்டிக்கொண்டிருந்தான். பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஒரு எண். எஞ்சின் தலையில் பஞ்சுப் புகை வேறு.

எங்க அக்கா ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். புதன்கிழமை பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் வகுப்பில் டி.எல்.எம். இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். (டி.எல்.எம். என்றால் கற்றல் கற்பித்தல் துணைப்பொருள். டீச்சர் இருக்கிற வீட்டில் இந்த மூன்று எழுத்தைச் சொன்னாலே எல்லாருக்கும் கை வலிக்கும்.) மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். அக்கா வரைய, அம்மா ஒட்ட, நான் வெட்ட. புதன்கிழமை வந்தார்கள், பார்த்தார்கள், "வெரிகுட்" என்றார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை ரயில் பீரோவுக்குள் போய்விட்டது. பீரோவுக்குப் பூட்டு.

"பசங்க தொட்டுப் பார்த்தாங்களாக்கா?"

"தொட்டா உடைஞ்சிடாதாடா?"

இந்த ஒரு பதில் போதும், எனக்கு வந்த கோபத்துக்கு. (இன்டர்னலில் 50-க்கு 19. அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன்.)

படித்த படிப்புக்குக் கணக்காவது போட்டுப் பார்ப்போம். ஒரு பொருளின் அடக்கவிலையில் மூன்று கூறு உண்டு: மூலப்பொருள், உழைப்பு, இதர செலவு. தெர்மாகோல், சார்ட், ஜிகினாத்தூள், ஃபெவிகால் எல்லாம் சேர்த்து 412 ரூபாய், அக்காவின் சொந்தக் காசு. உழைப்பு, மூன்று பேர், மூன்று ராத்திரி, ஆளுக்கு மூன்றரை மணி நேரம். மொத்தம் முப்பத்தொன்றரை மணி. மணிக்கு 50 ரூபாய் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 1,575. ஆக மொத்தம் 1,987 ரூபாய். குழந்தைகள் கையால் தொட்டது பூஜ்யம் தடவை. ஒரு தடவைக்கு என்ன செலவு என்று பார்க்க 1,987-ஐ பூஜ்யத்தால் வகுத்தேன். கால்குலேட்டர் எரர் என்கிறது. அதற்கு இருக்கிற அறிவு நமக்கு இல்லையே!

இதில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வார்த்தை ஒன்று இருக்கிறது: 'லோ காஸ்ட், நோ காஸ்ட்'. ஆசிரியர் பயிற்சி என்றாலே இந்த மந்திரத்தை ஓதுவார்கள். வீணாகிற பொருளை வைத்துச் செய்யுங்கள், செலவே ஆகாது! மூலப்பொருளுக்கு ஆகாது, சரி. செய்கிற கை? சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் துணைப்பொருள் செய்ய ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்கப்பள்ளிக்குச் சொல்லும் வேலைநாள் 200. நாளுக்கு இரண்டரை ரூபாய். அதிலும் உழைப்புக்கு என்று ஒரு பைசா கிடையாது. ராத்திரி சமையலை முடித்துவிட்டு உட்காரும் டீச்சரின் நேரத்தை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை. எழுதாததால் அது இலவசம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கையால் செய்யும் துணைப்பொருளில் பெரிய செலவு உழைப்பு. அந்த உழைப்பைத் திரும்ப எடுக்க ஒரே வழி, செய்த பொருள் பல வருஷம் குழந்தைகள் கையில் அடிபட்டும் நிற்பது. பார்வையிட வந்தவர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிற பொருளைச் செய்யச் சொல்வது டீச்சரின் தூக்கத்தைத் திருடுவது. கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

"நீ பேசுவே, செஞ்சு காட்டு" என்பீர்கள். நான் செய்ய வேண்டியதே இல்லை, அந்த வகுப்பிலேயே ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு முன்னால் அங்கே இருந்த டீச்சர் ஓய்வு பெற்றபோது விட்டுப்போன ஒரு பிஸ்கட் டின். உள்ளே துடைப்பக்குச்சிகள், ஒரே நீளத்துக்கு நறுக்கி, முனை குத்தாமல் தேய்த்தவை. பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகள், கூடவே உதிரிக் குச்சிகள். 32-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டுமா? இரண்டு உதிரியிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரி. இப்போது பன்னிரண்டு உதிரி. ஏழை எடு, மீதி ஐந்து. இருக்கிற இரண்டு கட்டில் ஒன்றை எடு. பதினைந்து. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்தப் புரியாத சடங்கு, கட்டைப் பிரிக்கிற ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையிலேயே புரிந்துவிடுகிறது. தெர்மாகோல் ரயில் இதைச் செய்யுமா? அதில் 1 முதல் 10 வரை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சுவரிலேயே எழுதிவிடலாம்.

அந்த டின்னில் நான் அசந்துபோன விஷயம் கட்டுகிற வளையம். ரப்பர் பேண்ட் போட்டால் நம்ம ஊர் மே மாதத்துக்குப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, ஜூனில் தொட்டதும் அறுந்துவிடும். அந்த டீச்சர் பஞ்சர் கடையில் தூக்கிப்போட்ட சைக்கிள் ட்யூபை வாங்கி மெல்லிசாக வளையம் வளையமாக நறுக்கிப் போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் இழுத்தால் இழுபடுகிறது. பெரிய அறிவாளி. எந்த விருதும் வாங்கியிருக்க மாட்டார்.

சைக்கிள் என்றதும் அரவிந்த் குப்தாவைச் சொல்லாமல் போக முடியாது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்; 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்ய வைப்பார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலத்தில் ஏன் முக்கோணமாக இரும்பு போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். உடைந்தால் இன்னொரு குச்சி. கவலையே இல்லை. உடைவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதும் உறுதியில் ஒரு வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

அட்டை செய்பவர்களுக்கு வீட்டு அனுபவத்தில் சில: கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட நல்ல அட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காது. மூலைதான் முதலில் மடங்கும், அதனால் ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கோடு போட்டு மூலையை வளைத்து வெட்டிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா ஈரக்கை பட்டால் ஓடும். அகல டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் வெளியே நீட்டி ஒட்ட வேண்டும், டேப்போடு டேப் ஒட்டினால்தான் தண்ணீர் போகாது. ஒட்டியபின் தொங்கவிட ஓட்டை போட்டீர்களோ, போச்சு, ஓட்டை வழியாகப் பிரியும். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், வாயில் வைக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். எல்.கே.ஜி.க்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், நேராக மூக்குக்குள் போகும்.

இன்னொரு கணக்கு. ஆங்கிலத்துக்கு 26 பாட்டில் மூடி இருந்தால் எழுத்தெல்லாம் முடிந்தது. தமிழுக்கு 247 மூடி வேண்டுமே என்று அக்கா மலைத்துப்போனாள். நான் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு இந்த நான்கும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பவை. (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் ணா, றா, னா, லை, ளை எல்லாம் இதற்குள் வந்துவிட்டன, வாழ்க.) ஆகவே ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளை இந்த நான்கு மூடியை வைத்தே அமைத்துவிடலாம்; ஔ வரிசைக்குக் கொம்போடு ஒரு ள. மொத்தம் 126 எழுத்து! இ, ஈ, உ, ஊ வரிசைகள்தான் வழிக்கு வராது. கு, து, டு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளைகிறது. ஆக மெய் 18, அகரம் 18, அந்த நான்கு வரிசைக்கு 72, உயிர் 12, ஆய்தம் 1, குறிகள் 4. கூட்டினால் 125. 247 எழுத்துக்கு 125 மூடி போதும். கொ எழுத க-வுக்கு முன்னால் ஒரு மூடி, பின்னால் ஒரு மூடி வைக்கும்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருமாம். எழுத்தை மூடியின் உள்குழியில் ஒட்டினால் விரல் பட்டுத் தேயாது. (வார்த்தை சேர்க்க ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வேண்டும் என்பது வேறு கதை.)

சரி, பூட்டுக்கு வருவோம். ஏன் பூட்டுகிறார்கள்? டீச்சர்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லையா என்ன? இருப்புப் பதிவேடு! 'எண் அட்டை - 100' என்று எழுதியாகிவிட்டது. அடுத்த வருஷம் எண்ணும்போது 93 இருந்தால் யார் பதில் சொல்வது? பூட்டி வைத்தால் 100-ம் அப்படியே இருக்கும், வம்பே இல்லை. எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 'சாதாரண இழப்பு'. மாவு மில்லில் கொஞ்சம் மாவு பறக்கும், அதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, மிச்ச மாவின் அடக்கத்திலேயே அதையும் சேர்த்துவிடுவார்கள். மாவு மில்லுக்குக் கொடுக்கிற சலுகையை ஏழு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் புழங்கும் வகுப்புக்குக் கொடுக்கக் கூடாதா? வருஷத்துக்குப் பத்தில் ஒன்று தொலையும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். தொலையவே இல்லை என்றால்தான் விளக்கம் கேட்க வேண்டும், ஏன் யாரும் தொடவில்லை என்று.

தொலைவதால் வரும் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. செயல்வழிக் கற்றலில் படித்தவன் நான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த முறை. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்து எடுத்தது. சுவரைச் சுற்றி எங்கள் உயரத்துக்குக் கரும்பலகை. எங்கள் கைக்கு எட்டுகிற தட்டில் அட்டைகள். ஏணிப்படியைப் பார்த்து அடுத்த அட்டையை நாமே போய் எடுக்க வேண்டும். 2011-ல் இரண்டாம் வகுப்பில் என் ஏணியில் ஓர் அட்டை இல்லை. யாரோ எடுத்துக் கிழித்திருப்பார்கள். இரண்டு நாள் முந்தின அட்டையையே திரும்பத் திரும்பச் செய்தேன். ஓர் உதிரி அட்டை இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், பூட்டின பீரோவுக்கு அந்தக் கிழிந்த அட்டைகள் ஆயிரம் மடங்கு மேல். அதைத் தொட்டேன். இன்றைக்கும் அந்த அட்டைகளின் மூலைகள் ஞாபகத்தில் இருக்கின்றன. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பொருளை வைத்துத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. பிள்ளை கைக்கு வந்தால் நல்லதுதான்.

பரிசு விஷயமும் இதே கதைதான். அக்கா மாதாமாதம் ஸ்டார் ஸ்டிக்கரும் மிட்டாயும் வாங்குகிறாள். மிட்டாய் ஐந்து நிமிஷம், ஸ்டிக்கர் சாயங்காலம் வரை. கணக்குப்படி இது வருவாய்ச் செலவு, அடுத்த மாதம் மறுபடி வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியல்காரர்கள் அமெரிக்காவில் ஒரு நர்சரியில் சோதித்தார்கள். படம் வரைவது பிடித்த பிள்ளைகள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொன்னார்கள், ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு பரிசு பேச்சே இல்லாமல் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தால், ஆசை காட்டப்பட்ட குழு மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் வரைந்தது. பிடித்த வேலையைக் கூலி வேலை ஆக்கிவிட்டார்கள்!

நான் அக்காவிடம் சொன்னது: அம்மாவின் பழைய புடவையில் ஒரு பை தை. உள்ளே ஒரு கதைப்புத்தகம். தினம் ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ரேங்க் வரிசைப்படி வேண்டாம். டின்னைக் காக்கிற பொறுப்பு வாரம் ஒருவருக்கு. ஒரு தடவை தைத்தால் பல வருஷம்.

அக்கா கேட்டுவிட்டு, "ஒருத்தன் இருக்கான்டா, வாரத்துல ரெண்டு நாள் வந்தா பெரிசு. கையில ஸ்டார் ஒட்டினேன், அந்த வாரம் பூரா வந்தான். அவன்கிட்ட உன் அமெரிக்காக்காரன் கதையை நான் எப்படிச் சொல்ல?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, ஸ்டார் அவனுக்கு மட்டும் இருக்கட்டும் என்றேன். "மத்தவன் சும்மா விடுவானா?" என்றாள். அதற்கும் இல்லை.

பை தைத்தாகிவிட்டது, ஊதாப் புடவை. மூடி இதுவரை 83 சேர்ந்திருக்கிறது. தெருமுனைக் கடை அண்ணாச்சி பை போட்டுச் சேர்த்துத் தருகிறார். ரயில் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த பார்வைக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்கிறாள், பஞ்சுப் புகையை மட்டும் எலி எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.