லேத்து டூலும் கரண்ட் பில்லும்

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். இன்னைக்கு மென்பொருள் பத்தி இல்ல மக்களே, லேத்து டூல் பத்தி. ஓடிடாதீங்க :-)

டூல் கோணங்கள் எல்லாம் எங்க செட்டுக்கு மனப்பாடம். மெர்ச்சன்ட் 1940களில் கொடுத்த விசை வட்டத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவோம். ஆனா கோணத்தை மாத்தினா மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு ஒரு மீட்டரை மாட்டி யாரும் எங்களுக்குக் காட்டினதில்லை. அது பெரிய குறைங்கறதுதான் என் கட்சி.

ரேக் ஆங்கிள்னா வேற ஒண்ணுமில்ல, வெட்டுப்பட்ட சுருள் ஏறி வழுக்கிப் போற டூல் முகத்தோட சாய்வு. பாசிட்டிவா இருந்தா சுருள் லேசா நழுவும். நெகட்டிவா இருந்தா உலோகத்தை நசுக்கித் தள்ளணும். ஒரு டிகிரி கூடினா வெட்டும் விசை சுமார் 1% குறையும்ங்கறது தொழில்ல புழங்குற கணக்கு.

மீடியம் கார்பன் ஸ்டீல், 2 மி.மீ. ஆழம், 0.25 மி.மீ. ஃபீட், நிமிஷத்துக்கு 120 மீட்டர் வேகம்னு வச்சுக்குங்க. மைனஸ் 6 டிகிரில வெட்டுறதுக்கு சுமார் 2.4 கிலோவாட். பிளஸ் 6ல சுமார் 2.1. தினம் 5 மணி நேரம் வெட்டினா, 300 நாள்ல ஒரு லேத்துக்கு 400 யூனிட்டுக்கு மேல வித்தியாசம். பத்து லேத்து ஓடுற பட்டறைக்கு இது சில்லறை இல்லை.

"அப்ப எல்லாரும் பாசிட்டிவுக்கு மாறலாமே"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். சிஎன்எம்ஜி மாதிரி நெகட்டிவ் இன்சர்ட்ல நாலு முனை, சிசிஎம்டி மாதிரி பாசிட்டிவ்ல ரெண்டுதான். முனைக்கு இவ்வளவுன்னு கணக்கு பார்க்கிற முதலாளி எதை வாங்குவார்? தவிர, ரேக் கூடக்கூட முனை மெலிஞ்சு பலம் குறையும். விட்டுவிட்டு வெட்டுற வேலைன்னா சீக்கிரம் உடையும். நெகட்டிவ் இன்சர்ட்லயே மேல பள்ளம் போட்டு, சுருள் பாசிட்டிவ் முகத்துல ஏறுற மாதிரி செஞ்சு விக்கிறாங்க. அது நல்ல நடுவழி.

இன்னொண்ணையும் சொல்லணும். முனை மழுங்கின டூல், வெட்டாம சும்மா சுத்துற ஸ்பிண்டில், இந்த ரெண்டும் கோணத்துல மிச்சம் பிடிச்சதை சத்தமில்லாம தின்னுடும்.

ஆக எந்தக் கோணம் ஒசத்திங்கறது கேள்வியே இல்லை. இந்த வேலைக்கு, இந்த உலோகத்துக்கு எதுன்னு அளந்து பார்க்கணும். இன்சர்ட் விலையும் கரண்ட் செலவும் ஒரே தாள்ல வரணும். கல்லூரி லேப்ல ஒரே தண்டு, ரெண்டு டூல், ஒரு பவர் மீட்டர் போதும். பத்து மார்க் கேள்வியா படிச்சது, அப்பதான் பட்டறைக்குப் போற பையனுக்குக் கைகொடுக்கும்.

டிஸ்கி: மேல சொன்ன கிலோவாட் எல்லாம் வெட்டுறதுக்கு மட்டும் போட்ட தோராயக் கணக்கு. மோட்டார், கியர் இழப்பு தனி.