நாம் எழுதிக்கொடுத்த நாடகம்



சென்ற வாரம் ஒரு தாய் என்னைக் காண வந்தார். பதினாறு வயதான அவருடைய மகன் மர்லின் மேன்சன் என்னும் அமெரிக்க ராக் குழுவின் பாடல்களைக் கைப்பேசியில் கேட்கிறானாம். அந்தக் குழுவினர் மேடையிலிருந்து நாய்க்குட்டிகளைக் கூட்டத்திற்குள் வீசுவார்கள் என்றும், அவை கொல்லப்பட்ட பின்னரே பாடத் தொடங்குவார்கள் என்றும் ஜெபக்குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஐயா, கைப்பேசியை வாங்கி உடைத்துவிடவா?” என்று கேட்டார்.

நாய்க்குட்டிக் கதை பொய். 1990களில் அமெரிக்காவில் பரவிய வதந்தி அது. ஆனால் அந்தத் தாயிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் முகாமில் இதே கதையை நானே பிரசங்கித்திருக்கிறேன். யார் பார்த்தார்கள், எங்கே நடந்தது என்று எவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இன்றைய தியானம் ராக் இசைக்கு விரோதமானதன்று. பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கு விரோதமானது.

இந்தக் குழு பாதாளத்திலிருந்து முழு உருவத்துடன் எழும்பி வந்ததுபோல் நாம் பேசுகிறோம். அது 1989இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் இரண்டு இளைஞர்களால் தொடங்கப்பட்டது. ஒருவர் பிரையன் வார்னர். கல்லூரியில் இதழியல் படித்துக்கொண்டே, உள்ளூர் இசை இதழுக்காக இசைக்கலைஞர்களைப் பேட்டி கண்டு எழுதிவந்தவர். மற்றவர் கிதார் வாசித்த ஸ்காட் புட்டெஸ்கி. ‘மர்லின் மேன்சன் அண்ட் த ஸ்பூக்கி கிட்ஸ்’ என்பது அன்றைய முழுப்பெயர். தாளத்திற்கு முதலில் ஆள் இல்லை. டிரம் மெஷின் ஒன்றே இருந்தது. நடிகை மர்லின் மன்றோவின் பெயரையும், கொலைக்கும்பல் தலைவன் சார்ல்ஸ் மேன்சனின் பெயரையும் வார்னர் ஒட்டவைத்துக்கொண்டார். தொடக்க ஆண்டுகளில் அக்குழுவில் சேர்ந்த பெரும்பாலோரும் அவ்வாறே ஒரு புகழ்பெற்ற பெண்ணின் பெயரையும் ஒரு கொலைகாரனின் பெயரையும் சேர்த்துச் சூடிக்கொண்டனர். நட்சத்திரத்தையும் கொலைகாரனையும் ஒரே ஆவலோடு பார்க்கும் தொலைக்காட்சி நாட்டின்மேல் எறிந்த கேலி அது. கேலியில் உண்மை இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மயாமியின் லிட்டில் ஹெய்ட்டி பகுதியிலுள்ள சர்ச்சில்ஸ் போன்ற சிறிய மதுக்கூடங்களே அவர்களுடைய மேடைகள். எந்த இசை நிறுவனமும் பணம் போடவில்லை. பாடல்களைத் தாங்களே ஒலிநாடாவில் பதிந்து விற்றார்கள்; துண்டுப்பிரசுரங்களைத் தாங்களே வரைந்து ஒட்டினார்கள். சிறுவர் தொலைக்காட்சியின் பாத்திரங்கள் அவற்றில் கோணல்மாணலாகச் சிரித்தன. மேடையிலோ, சிலுவையில் நிறுத்தப்பட்ட ஆடையற்ற பெண், கூண்டுக்குள் ஒரு குழந்தை, இரத்தம் தோய்ந்த மிருக உறுப்புகள்! வாணவேடிக்கைக்குத் தேர்ந்த ஆள் வைக்க வசதியில்லாமல், தங்கள் மேடைப்பொருள்களுக்குத் தாங்களே தீ மூட்டியதும் உண்டு. 1992இல் பெயரைச் சுருக்கினர். 1993இல் டிரெண்ட் ரெஸ்னர் தம் புதிய நிறுவனத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு முதல் ஆல்பம் வெளிவந்தது. அதுவரை நான்கு ஆண்டுகள், தென் ஃபுளோரிடாவின் கூடங்களிலேயே அவர்கள் பிழைத்தார்கள்.

இங்கே நின்று கவனியுங்கள். சிலுவை, பாதாளம், அந்திக்கிறிஸ்து, உலக முடிவின் பயங்கரம்: இந்தச் சரக்கு அந்த வாலிபனுக்கு எந்தக் கடையில் கிடைத்தது? நம்முடைய கடையில்தான். ஒகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிரையன் வார்னர் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர். கடைசிநாட்களைப் பற்றியும் மிருகத்தின் முத்திரையைப் பற்றியும் அங்கே கேட்டவை தம்மை உறங்கவிடாமல் அச்சுறுத்தின என்று 1998இல் வெளிவந்த சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். எந்தெந்த இசையைக் கேட்கலாகாது என்று அந்தப் பள்ளி கற்பித்ததாம். அப்படி விலக்கப்பட்ட இசையின்மீதே காதல் கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லக் கொடுத்த பட்டியல், வேண்டும் என்பவனுக்கு வழிகாட்டியாயிற்று. 1996இல் தம் ஆல்பத்திற்கு அந்திக்கிறிஸ்துவின் பெயரையே அவர் சூட்டியபோது நம் ஊழியர்கள் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

“அப்படியானால் அவருக்கு வக்காலத்து வாங்குகிறீரோ?” என்பீர்கள். இல்லை. என் ஆண்டவருடைய பாடுகளின் அடையாளத்தை மதுக்கூடத்து வேடிக்கையாக்குவது எனக்கு வலிக்கிறது. ஒரு பெண்ணின் சரீரத்தையும் ஒரு குழந்தையின் பயத்தையும் மேடைப்பொருளாக்கும் கலையை நான் மெச்சவும் மாட்டேன். அவனவன் தன்தன் கணக்கை ஒப்புவிக்க வேண்டும்; வார்னரும் ஒப்புவிப்பார். ஆனால் நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்குகிறது என்று பேதுரு எழுதியதை நாம் மறுக்க முடியாது.

பயத்தை விதைக்கும் பிரசங்கத்தால் உடனடிப் பலன் உண்டு. முகாமின் கடைசி இரவில் பிள்ளைகள் அழுவார்கள், முன்வருவார்கள், கைகளை உயர்த்துவார்கள். நாம் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு திரும்புவோம். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பயம் என்னவாகிறது என்று எவரும் எண்ணுவதில்லை. சிலருக்கு அது விசுவாசமாகக் கனிகிறது. சிலருக்கு நித்திரையில்லாத இரவுகள். சிலரோ, தங்களைப் பயமுறுத்தியதையே எடுத்து உடுத்திக்கொண்டு பிறரைப் பயமுறுத்தக் கிளம்புகிறார்கள்.

பொய்யினாலும் நாம் பாவம் செய்தோம். 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பதின்மூன்று பேரைச் சுட்டுக்கொன்றபோது, அவர்கள் மேன்சனின் ரசிகர்கள் என்று செய்திகள் பறந்தன. குழுவினர் எஞ்சிய நிகழ்ச்சிகளை ரத்து செய்தனர். அந்த மாணவர்கள் அவருடைய ரசிகர்களே அல்லர் என்பது பின்னர் வெளிவந்தது. ஆனால் முதலில் சொன்னவர்களில் எத்தனை பேர் அதே பீடத்தில் நின்று திருத்திச் சொன்னார்கள்? பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கற்பனையில், நமக்குப் பிடிக்காத பாடகனுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

இதன் தீமை அத்தோடு முடியவில்லை. 2021 முதல் பெண்கள் சிலர் வார்னர்மீது வன்கொடுமைக் குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். அவர் மறுத்தார், 2025இல், காலவரம்பையும் போதிய ஆதாரமின்மையையும் காட்டி, வழக்குத் தொடர்வதில்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். உண்மையை நான் அறியேன். ஆனால் உயிருள்ள மனுஷி ஒருத்தி வந்து இப்படிச் சொல்லும்போது, நாய்க்குட்டிக் கதையைச் சொல்லித் திரிந்த நம்மை அவள் பக்கத்துச் சாட்சியாக யார் நம்புவார்?

இந்தப் பாதையில் முன்னே நடந்தவர் ஆலிஸ் கூப்பர். அவர் ஒரு போதகரின் மகன்! 1969இல் டொராண்டோவில் மேடைக்கு வந்த கோழி ஒன்றை அவர் கூட்டத்திற்குள் வீச, கூட்டத்தார் அதைப் பிய்த்தெறிந்தனர். அவரே தலையைக் கடித்து இரத்தம் குடித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. மறுக்காதே என்று இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா அவருக்குச் சொன்னாராம். ஏன், தெரிகிறதா? நம்முடைய பொய்தான் அவர்களுக்கு விலையில்லா விளம்பரம். இதழியல் படித்த வார்னருக்கும் இது தெரியாதிருந்திருக்குமா? பின்னாளில் கூப்பர் குடியை விட்டு, தகப்பனுடைய விசுவாசத்திற்குத் திரும்பினார். இன்றும் மேடையில் பாடுகிறார். நம் வாலிபர் முகாம்களில் கோழிக் கதையைச் சொன்னவர்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியம் அடைந்தார். ஆயினும் வாய் திறக்குமுன் தெருத்தெருவாகச் சுற்றி, பலிபீடங்களின் எழுத்துகளை வாசித்தார். அவர்களுடைய கவிஞர்களையும் அறிந்திருந்தார். நாமோ ஒரு பாடலையும் கேட்காமல் ஒரு மணிநேரம் பிரசங்கிக்கிறோம்.

அந்தத் தாயிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன்: அந்தக் கதை பொய், அதை நானும் பரப்பினேன், மன்னியுங்கள் என்று. கைப்பேசியை உடைக்க வேண்டாம் என்றேன். உனக்கு மிகப் பிடித்த ஒரு பாடலை எனக்குப் போட்டுக் காட்டு என்று மகனிடம் கேளுங்கள். முடியும்வரை எழுந்துபோகாமல் இருங்கள். உங்களைக் காயப்படுத்திய வரி எது என்று சொல்லுங்கள். அவனுக்கு ஏன் பிடித்தது என்று அவன் சொல்லும்போது குறுக்கிடாதீர்கள் என்றேன். அவர் சற்றுச் சந்தேகத்தோடுதான் எழுந்து போனார்.

ஞாயிறு ஆராதனைக்கு இருவரும் வந்திருந்தார்கள். பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வருகிற சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில், அன்று முகாமில் நான் சொன்னதைத் திருத்திச் சொல்லப்போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.