காது கேட்டு டைமிங் வைக்கும் மெக்கானிக்குகள்: அந்த வித்தையை எழுதி வைக்க இதுதான் நேரம்!

பெருங்களத்தூர் ஐடி பார்க்கில் வேலை பார்ப்பவரா நீங்கள்? உங்கள் ஆபீஸ் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கார் தயாரானது தெரியுமா? ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் வண்டலூர் ஆலை அங்கேதான் இருந்தது. 1961-ல் ஹெரால்டு, 70-களில் கஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாக வந்தன. 1988-ல் உற்பத்தி நின்றது.

ஆலை போய்விட்டது, கார்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றை ஓட வைக்கிற ஒரு கைவேலைதான் இப்போது சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கிறது. அதுதான் இக்னிஷன் டைமிங் வைப்பது.

டைமிங்னா என்ன?

சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை பற்றி எரிய ஒருசில மில்லி செகண்டு பிடிக்கும். பிஸ்டன் மேலே வந்த பிறகு பொறி விட்டால் லேட். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே விட வேண்டும். இதுதான் அட்வான்ஸ்.

எவ்வளவு முன்னால்? இங்கேதான் சிக்கல். 800 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 4.8 டிகிரி சுற்றும். 4,000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 24 டிகிரி. அதாவது வேகம் கூடக் கூட பொறியும் முன்னால் நகர வேண்டும்.

இன்றைய காரில் இதை இசியு பார்த்துக்கொள்கிறது. ஹெரால்டில் பார்ப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் இரண்டு சின்ன எடைகள், இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடினால் எடைகள் விரிந்து பொறியை முன்னால் தள்ளும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது, என்ஜினின் வேக்குவம் ஒரு டயாஃப்ரத்தை இழுத்து இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தரும். மின்சாரமே இல்லாத ஒரு கணக்கு மெஷின், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் 1964 பான்டியாக் ஜிடிஓ மாதிரி 6.4 லிட்டர் வி8 மசில் காருக்கும், நம்ம 948 சிசி ஹெரால்டுக்கும் தத்துவம் ஒன்றே.

தப்பா வச்சா என்ன ஆகும்?

அட்வான்ஸ் அதிகமானால் ஏற்றத்தில் 'டக் டக்' என்று தட்டும். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும். குறைவானால் வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், சூடாகும். ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் நின்று கொதிக்கிற பழைய காருக்கு எல்லாரும் ரேடியேட்டரைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி டைமிங்காகவும் இருக்கலாம்.

பழைய மெக்கானிக் இதைக் காதாலேயே வைப்பார். என்ஜின் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்புவார், சத்தம் கேட்பார், டைட் வைப்பார். அது உண்மையான திறமை, கிண்டல் பண்ண ஒன்றுமில்லை. ஆனால் என் கருத்து இதுதான்: இன்றைக்குக் காது மட்டும் போதாது.

ஏன் போதாது?

பெட்ரோல் மாறிவிட்டது. பிஎஸ்-2 காலத்தில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 88. பிஎஸ்-6-ல் 91. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த இ20-ல் சுமார் 95. ஆக்டேன் கூடினால் தட்டுவது குறையும். அப்படியானால் 'தட்டுற வரைக்கும் திருப்பு, கொஞ்சம் பின்னால வா' என்ற பழைய வழி அளவுக்கு மீறின அட்வான்ஸில் கொண்டுபோய் நிறுத்தலாம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவையும் மெலியும். ஆக, காதுக்குப் பழக்கமான அடையாளங்களே மாறிப்போச்சு.

தீர்வு ரொம்ப காஸ்ட்லி இல்லை. முதலில் பாயிண்ட் கேப்பை 0.4 மில்லி மீட்டர் அளவில் சரிபார்க்க வேண்டும். கேப் மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லி குறி மேல் அடிக்க வேண்டும். ரேஸ் கொடுக்கும்போது குறி நகரணும். நகரவில்லை என்றால் உள்ளே எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். எந்தக் காதுக்கும் அது லேசில் பிடிபடாது.

'எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா முடிஞ்சதே?'

முடியவில்லை. கடைகளில் கிடைக்கும் சாதாரண கிட் பாயிண்ட்டை மட்டும்தான் மாற்றும். அட்வான்ஸ் அதே எடை, அதே ஸ்பிரிங், அதே டயாஃப்ரம் கையில்தான். டைமிங் வைக்கத் தெரிந்தவர் அப்போதும் வேண்டும்.

பிளேட் இருக்கு, பயிற்சி?

2021-ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று அங்கீகரித்து, 'விஏ' நம்பர் வரிசையும் கொடுத்தது. 60-களின் ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயதைத் தாண்டியவை. காகிதத்தில் கார் காப்பாற்றப்பட்டுவிட்டது. அதை டியூன் பண்ணுகிறவருக்கு என்ன ஏற்பாடு? எதுவும் கண்ணில் படவில்லை.

இதை ஆரம்பிக்கத் தகுதியான இடம் அதே ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி 1949-ல் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங்கை ஒரு பாடமாக வைத்த கல்லூரி. அங்குள்ள மாணவர்கள் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து, எந்த ஆர்பிஎம்மில் எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரையும் அளந்து தமிழில் பதிவு செய்யலாம். இன்றைய பெட்ரோலுக்கு எது சரி என்பதையும் சோதித்துச் சொல்லலாம். அதற்கு உரிய கூலியும் அந்த மெக்கானிக்குக்குத் தர வேண்டும். அனுபவத்தை ஓசியில் வாங்குவது நியாயமில்லை.

வசதியானவர்களின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். ஹெரால்டு ராஜாக்கள் கார் இல்லை. நம்ம ஊர் தொழிலாளர்கள் செய்து, நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கி ஓட்டிய கார்.

உங்கள் தாத்தா வீட்டு ஷெட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால், அடுத்த சர்வீஸில் மெக்கானிக் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: 'எத்தனை டிகிரில வச்சிருக்கீங்க?' அவர் சொல்வதை தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.